உறவினர் பட்டியல்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு அந்த வாய்தான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது.

மத்திய வங்கியிலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மா என் தையல் கூடத்துக்குள் நுழைந்ததும் மெஷின்களை எண்ண ஆரம்பித்தார். தைக்கிற மெஷின் ஏழு, காஜா போடுகிற மெஷின் ஒன்று. எட்டோடு முடிந்துவிட்டது. கையிலிருந்த கோப்பைப் பார்த்துவிட்டு மறுபடி எண்ணினார்.

"மீதி முப்பத்திரண்டு மெஷின் எங்கம்மா?"

"எந்த மீதி? ரெண்டு மெஷினுக்குத்தான் லோன் கேட்டேன். அதோ, ஜன்னலோரமா இருக்கே, அந்த ரெண்டும்தான்."

கோப்பில் நாற்பது மெஷின் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. அண்ணன் பென்சிலில் புள்ளி வைத்துக் கொடுத்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போட்ட கையெழுத்து.

அப்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை. யாரோ குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பான் என்றுதான் நினைத்தேன். "கவலப்படாதீங்க மேடம், என் அண்ணனே அந்த பேங்க்ல டைரக்டர். ஒரு போன் போட்டா சரியாயிடும்" என்றேன் பெருமையாக. கவலைப்படுகிற ஆளா அவர்! துணி வெட்டுகிற மேசையில் கோப்பை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கூடப் பிறந்த அண்ணனா?"

"ஒரே வயித்துல. என்னவிட நாலு வயசு மூத்தவர்."

சட்டத்தை அவர்தான் எனக்குப் புரியவைத்தார். வங்கி இயக்குநராக இருப்பவரின் நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு அந்த வங்கி கடன் தரக் கூடாது. அதற்காக அந்த இயக்குநர் வருடாவருடம் மனைவி, மக்கள், உடன்பிறந்தவர்கள், மனைவியின் உடன்பிறந்தவர்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் இருக்கிற பெயரில் கடன் மனு வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

அண்ணன் கொடுத்த பட்டியலைக் காட்டினார். அண்ணி இருந்தாள். பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள். நல்லது கெட்டதுக்குக்கூட எட்டிப் பார்க்காத அண்ணியின் அக்கா இருந்தாள். உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் மட்டும் 'எவருமில்லை'. அண்ணனுடைய குண்டு குண்டான எழுத்தேதான்.

"அவசரத்துல விட்டுப் போயிருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் அடுத்தடுத்த தாள்களைப் புரட்டினார். ஆறு வருடம், ஆறு தாள். ஆறிலும் எவருமில்லை. நான் கடனுக்குக் கையெழுத்துப் போட்டதோ இரண்டு வருடத்துக்கு முன்பு. அதற்கும் நாலு வருடம் முன்பே என்னைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறான். நடுவில் எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிப் படிவத்தில் 'சகோதரர்' என்று கையெழுத்துப் போட்டு, மூன்று நாள் பெஞ்சிலேயே கிடந்தவனும் இவன்தான்.

"நாளைக்குக் காலைல வரேன்" என்றார் அந்த அம்மா. "அவர் உங்க அண்ணன்னு எழுதிக் குடுத்து ஆதாரம் காட்டினா, விஷயம் அவர் பக்கம் போகும். இல்லன்னா நாற்பது மெஷின் கடனும் உங்க தலைலதான். இந்த இடத்துக்குப் பூட்டு போட்டுடுவாங்க."

மெஷின் ஒன்றுகூட ஓடவில்லை. என்னை நம்பித் தைக்கிற ஐந்து பெண்களும் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அவர்கள் கிளம்பிப் போன பிறகு அண்ணன் வந்தான். அதற்குள் விஷயம் அவன் காதுக்குப் போய்விட்டது.

"பாப்பா, யார் கேட்டாலும் பேங்க்ல பார்த்துப் பழக்கம்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"மெஷின்லாம் எங்க?"

"பணத்த வேற ஒண்ணுல போட்டேன். திரும்பி வந்துடும்."

"இங்க பூட்டு போடுவாங்களாம்."

"போடட்டுமே. வேற இடம் பாத்துத் தரேன். நான் மாட்டினா ஜெயில்தான், தெரியுமா?"

மேசையில் நான் எடுத்து வைத்திருந்த, அப்பா அம்மா பெயர் போட்ட என் பிறப்புச் சான்றிதழ் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. முகம் வெளுத்துப்போனது.

"கூடப் பிறந்தவளே என்னக் காட்டிக் குடுப்பியாடி? நான் உன் அண்ணன்டி!"

ஆறு வருடமாக எந்தத் தாளிலும் வராத வார்த்தை. கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிடம் இந்தக் கூடம் போனால் போகட்டும் என்றுதான் தோன்றியது. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் தள்ளினேன்.

"இப்பச் சொன்னத இதுல எழுதிக் குடு. யாருக்கும் காட்ட மாட்டேன், நானே வச்சுக்கறேன். நாளைக்கு நீ சொன்ன மாதிரியே சொல்லிடறேன்."

அவன் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"உன்ன எப்படி நம்பறது?" என்றான்.

தாளையும் பேனாவையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இவர் என் உடன்பிறந்த அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.