ஒளித்து வைத்த கத்தரிக்கோல்

எங்கள் தையல் கடையில் வெட்டு மேஜை ஜன்னலோரம் இருக்கிறது. நல்ல வெளிச்சம், நல்ல காற்று, கோட்டுத் துணியை மடிக்காமல் விரித்துப் போடலாம். அவ்வளவு நல்ல மேஜை சும்மா கிடக்கிறது. என் புருஷன் மூலையில் இஸ்திரிப் பலகையைப் போட்டு, அதன்மேல் குனிந்து துணி வெட்டுகிறார். அப்புறம் அதே முதுகோடு மிஷினில் உட்கார்ந்து தைக்கிறார். சாயங்காலமானால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். தைலம் தேய்ப்பது நான்.

மேஜை பெரியவருடையது. பெரியவர் என்றால் என் புருஷனின் அண்ணன். அவர் வெட்டுவார், இவர் தைப்பார், கடை அப்படித்தான் நடந்தது. போன வருஷம் பெரியவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, கை மட்டும் திரும்பவில்லை. இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதோடு மேஜை எங்களுக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. காரணம் என் ஓர்ப்படி, பெரியவரின் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்காவுக்கு ஆண்டவர் வார்த்தை கொடுத்தாராம். ஜெபத்தில் இருக்கும்போது ஒரு வசனம் மனசில் வந்து உட்கார்ந்ததாம், இந்தக் கை மறுபடி வேலை செய்யும் என்று. அன்றிலிருந்து தினமும் காலையில் மேஜையைத் துடைப்பாள். பெரிய கத்தரிக்கோலின் திருகாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து மேஜைமுன் உட்கார்த்தி, அந்த மரத்துப்போன கட்டைவிரலை எடுத்துக் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் நுழைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, "கொடுத்ததுக்கு ஸ்தோத்திரம்" என்பாள். கவனியுங்கள், 'கொடும்' இல்லை. 'கொடுத்ததுக்கு'. கை என்னவோ விறகுக்கட்டை மாதிரி அப்படியே கிடக்கும்.

எனக்கு வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? நல்ல பெயரெல்லாம் அவளுக்கு, நாய்ப் பாடு எங்களுக்கு. சபையில் ஆராதனை முடிந்தால் பெண்கள் அவளைச் சுற்றிக்கொள்வார்கள். என்ன விசுவாசம், என்ன விசுவாசம் என்று கையைப் பிடித்துக் கண்ணீர் விடுவார்கள். ஒற்றை ஆளாக இரண்டு பேர் வேலையை மாங்கு மாங்கென்று செய்கிறாரே ஒரு மனுஷன், அவர் முதுகைப் பற்றி ஒருத்தி விசாரித்தது உண்டா? நான் பக்கத்தில்தான் நிற்பேன், குடை மாதிரி.

ஆனால் அந்தக் கூட்டத்தின் லட்சணம் எனக்குத் தெரியும். வெளியே வந்து செருப்புப் போடும்போதே பேச்சு மாறிவிடும். பாவம், மனசு ஒடிந்துவிடக் கூடாது என்றுதான் ஆமென் சொல்லி வைக்கிறோம் என்பார்கள். பாஸ்டரே என் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, கோட்டு வெட்டவும் பழகிக்கொள்ளுங்கள், அண்ணனை நம்பிக் கடையை விட முடியாது என்று காதோடு சொன்னார்.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கல்யாணக் கோட்டு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் பழைய வாடிக்கைக்காரர். துணியைக் கொண்டுவந்து, தம்பியே வெட்டட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னார். என் மனசு குளிர்ந்தது. இந்த ஒரு கோட்டை வெட்டிவிட்டால் மேஜை தானாக எங்கள் பக்கம் வந்துவிடும். அக்கா குறுக்கே வந்து விழுந்தாள். "எங்க வீட்டுக்காரரே வெட்டுவாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி குடுத்துடுவோம்" என்று துணியை வாங்கி மேஜைமேல் விரித்துவிட்டாள். என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி சொன்னால் இவருக்கு வேதவாக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் காலையும் அவள் அந்த விரலை வளையத்துக்குள் நுழைத்தாள். நான் பட்டன் தைத்துக்கொண்டே பார்த்திருந்தேன். விரல் அசையவில்லை, சத்தியமாக அசையவில்லை. ஆனால் எனக்குத் திடீரென்று ஒரு பயம். ஒருவேளை அசைந்துவிட்டால்? இன்றைக்கோ நாளைக்கோ அந்த விரல் மடங்கி, கத்தரிக்கோல் கரக்கென்று துணியில் இறங்கிவிட்டால்? என் புருஷன் ஆயுசுக்கும் மூலையில்தான். அவர்கள் உள்ளே போனதும் கத்தரிக்கோலை எடுத்து வெட்டுத்துண்டு மூட்டைக்குள், அடியில், இரண்டு கையாலும் அமுக்கி வைத்தேன்.

மறுநாள் காலையில் அக்கா இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். என்னிடம் கேட்டதற்கு, எனக்கென்ன தெரியும் என்று ஊசியில் நூல் கோர்த்தேன். வெறும் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள். குரல் இறங்கியிருந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்கடுத்த நாள் மாப்பிள்ளையின் அப்பா வந்து, முடியாவிட்டால் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வருத்தமில்லை என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். அக்கா பெரியவரின் கைக்கு அணை வைக்கத் தலையணை ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அடைக்கத் துண்டுத் துணி வேண்டுமென்று மூட்டைப் பக்கம் போனாள். நான் எழுந்து ஓடி, நான் எடுத்துத் தருகிறேன் அக்கா என்றேன். அதற்குள் அவள் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுவிட்டாள்.

கத்தரிக்கோலோடு கை வெளியே வந்தது. என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாலே போதும், வேறு சாட்சி வேண்டியதில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தேன், திருப்பிக் கொடுக்க என்னிடம் நிறைய இருந்தது. அவள் திட்டவில்லை. மூட்டைமேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அழுகை நடுவில் சிரிப்பும் வந்தது.

"நீ நம்பறியா?" என்று கேட்டாள்.

"என்னத்த?"

"கை வராதுன்னு நெனைக்கிறவ எதுக்குக் கத்தரிக்கோல ஒளிச்சு வைக்கணும்? வெளங்காத கைக்குப் பயந்தா?"

நான் கீழே சிதறிய துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். எப்போதும் நாக்கு நுனியில் நாலு பதில் வைத்திருப்பவள் நான்.

"சபையில எல்லாரும் ஆமென் சொல்றாங்க. ஒருத்தர் கண்ணுலயும் நம்பிக்கை இல்ல. எனக்குத் தெரியாதா? அவருக்கே இல்ல. ராத்திரி எனக்கும் போயிடுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்குத் துணியை உன் வீட்டுக்காரர்கிட்டக் குடுத்துட்டு, மேஜையையும் எடுத்துக்கச் சொல்லலாம்னுதான் இருந்தேன். தலையணைய முடிச்சுட்டுச் சொல்லுவோம்னு இருந்தேன்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கும் எட்டவிடாமல் தட்டிவிட்டது என் கையேதான். பேசாமல் இருந்திருந்தால் மத்தியானம் அந்த மேஜையில் என் புருஷன் நிமிர்ந்து நின்றிருப்பார். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"அப்ப சொல்லுங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல" என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

தலையை ஆட்டினாள். கத்தரிக்கோலை மடியில் வைத்துத் துடைத்தாள். "இனிமே முடியாது. மாப்பிள்ளையோட அப்பாகிட்ட நானே போய் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேக்கறேன்." எழுந்து என் தோளைத் தொட்டாள். "நீ என்னைத் திட்டு, மொறச்சுக்கோ, என்ன வேணா பண்ணு. அந்தப் பயத்த மட்டும் விட்டுடாத. இந்த வீட்டுல எனக்கு அது ஒண்ணுதான் துணை."

உள்ளே போய்ப் பெரியவரைக் கூட்டிவந்தாள். கட்டைவிரலை வளையத்துக்குள் நுழைத்தாள். பழைய குரல் திரும்பியிருந்தது. கண்ணை எடுத்துவிட வேண்டும் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. விரல் சும்மாதான் கிடந்தது.

மூலையிலிருந்து என் புருஷன் சைகை காட்டிக் கூப்பிட்டார். என்ன பேச்சு, அண்ணி மேஜையை விடுகிறாரா, இடுப்பு விட்டுப் போகிறது என்றார்.

"உங்க மிஷினப் பாருங்க. அந்த மேஜை உங்களுக்குக் கிடைக்காது" என்று எரிந்து விழுந்தேன். "அது உங்க அண்ணனுக்கு வேணும்."