ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்

"அண்ணி, ஒண்ணை இன்னொண்ணுக்குச் சமம்னு போட்டா, ஒண்ணை மாத்தும்போது மத்ததும் மாறுமா?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சின்னவள் கேட்ட கேள்வி அது. சின்னவள் அண்ணியின் கணவனுக்குத் தங்கை. பைத்தான் என்ற கணினி மொழியில் அப்போதுதான் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். அண்ணிக்கோ தலைக்கு மேல் வேலை. ஓர் எண்ணை வைத்துச் செய்து காட்டி, "மாறாது, போ. பயப்படாம எழுது" என்று அனுப்பிவிட்டாள். எண்ணுக்கு அது சரி. பட்டியல் என்று வந்தால் கதை வேறு. அதையும் சொல்ல நினைத்தாள். அதற்குள் போன் அடித்தது.

இன்று குஞ்சு பொரிப்பகத்தின் கட்டுப்பாட்டு அறை வாசலில் மேற்பார்வையாளர் வந்து நின்றார். முட்டைகளை விட்டு நகராதவர் என்பதால் அவருக்கு அடைகோழி என்று பெயர். அடைகாக்கும் பொறியின் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவார்.

"பொறியெல்லாம் ஏம்மா குளிருது?"

திரையில் எச்சரிக்கை எதுவும் இல்லை. ஒவ்வொரு பொறியிலும் இருக்க வேண்டிய வெப்பம் ஒரு பட்டியலில் இருக்கும். அண்ணி அதைத் திறந்தாள். எல்லாமே இறங்கிக் கிடந்தன. அதற்கு மேலே சின்னவளின் வரி: சோதனை = அசல்.

அண்ணிக்கு அந்தப் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது.

எச்சரிக்கை மணி சரியாக அடிக்கிறதா என்று பார்க்கத்தான் சின்னவள் சோதனைப் பட்டியலில் வெப்பத்தைக் குறைத்திருந்தாள். அது தனிப் பட்டியல் என்று நம்பினாள். அவள் செய்ததோ, ஒரே பெட்டியின் மேல் இரண்டாவது பெயர்ச்சீட்டு ஒட்டிய வேலை. அசலும் கூடவே இறங்கிவிட்டது. பொறிகள் பட்டியல் சொன்னபடியே குளிர்ந்தன. சூடும் பட்டியலும் ஒத்துப்போனதால் மணியும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி பழைய அளவுகளைத் திரும்பப் போட்டாள். பொறிகள் உறுமின. அடைகோழி அருகிலிருந்த பொறியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார்.

"நாளைக்குப் பொரிய வேண்டியது."

உள்ளே அசைவில்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இல்லை. சத்தம் கேட்டு வந்த சின்னவள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அடுத்த முட்டையில் நிழல் ஒன்று மெல்ல உதைத்தது. பிறகு எடுத்தவற்றிலும் உதைத்தது.

"உசுரு இருக்கு," என்றார். டார்ச்சை அணைத்தார். "யாரு கை வெச்சது?"

"நான்தான் சார். தனிப் பட்டியல்னு நெனச்சேன்."

"நீ நெனச்சு முடிக்கிற வரைக்கும் குஞ்சு காத்துக்கிட்டிருக்குமா? அப்படின்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள். சின்னவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. சொல்லிக் கொடுத்தது தான்தான் என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைமைப் பொறுப்புக்கு அடைகோழி அண்ணியின் பெயரைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறார் என்பது அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அந்த வரியில் நகலெடுக்கும் கட்டளையைச் சேர்த்தாள்.

"இனிமே இப்படி ஆகாது சார்," என்றாள்.

"ஆகாதுதான். இவ நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அண்ணி விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். திரையில் புதிதாக ஒன்றும் வரவில்லை.

சின்னவள் ரப்பர் பூட்ஸைக் கழற்றிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். தினமும் அண்ணியின் ஸ்கூட்டரில்தான் இருவரும் வீடு திரும்புவார்கள். தன் ஹெல்மெட்டை அண்ணியின் கையருகே மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.