கொடி கீழே கிடந்தது

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. என் அக்காவின் வலது கை முறிந்ததால் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் கற்பனையைப் புகழ்ந்து என் மானத்தை வாங்க வேண்டாம்.

அக்கா பதினொரு வருடமாகக் கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்கிறாள். பந்து விழுகிற குழி ஒரே இடத்தில் இருந்தால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துப்போகும். அதனால் தினமும் காலையில் கொடியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, வேறோர் இடத்தில் புதுக் குழி வெட்டுவாள். அதில் வருகிற புல்லோடு கூடிய மண்கட்டியைப் பழைய குழியில் அடைத்து, மிதித்துச் சமன்செய்து, தண்ணீர் ஊற்றுவாள். கடைசியில்தான் கொடியைப் புதுக் குழியில் நடுவாள். நட்டுவிட்டு, ஓரமாக விலகி, வலது கையைத் தூக்கிக் காட்டுவாள். தூரத்தில் நிற்கிறவர் அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் பந்தை அடிக்க வேண்டும். அங்கே அதற்குக் 'கை காட்டுறது' என்று பெயர்.*

* வாசலில் இப்படி எழுதிய பலகையே இருக்கிறது. காலணி துடைக்கும் மிதியடிக்கு நேர் மேலே. எல்லோரும் குனிந்து காலணியைத்தான் பார்க்கிறார்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"பனி விலகாத புல்வெளியில் சிவப்புக் கொடி படபடத்தது. அதன் அடியில் அவள் மண்டியிட்டிருந்தாள்."

(நன்றாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் பட்டது. இதற்காகவே இரண்டு முறை காப்பி குடித்தேன்.)

இரண்டாவது தொடக்கம்:

"தொப்பிக்காரர் அடிப்படையில் நல்ல மனிதர். சின்ன வயதில் அவர்"

இதோடு நிறுத்திவிட்டேன். அக்காவின் கையை முறித்த பந்தை அடித்தவர் அவர்தான். இரண்டு பக்க நியாயத்தையும் சொல்வதுதான் இலக்கியம் என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர் பக்க நியாயத்தைச் சொல்ல மைதானத்தில் ஓர் அலுவலகமே உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு என் செலவில் ஒரு சோகமான குழந்தைப் பருவம் கிடையாது.

3

நடந்தது இவ்வளவுதான். அக்கா புதுக் குழியை வெட்டிவிட்டு, பழைய குழியில் மண்கட்டியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரர் காத்திருந்து அலுத்துப்போய் அடித்தார். பந்து மணிக்கட்டில் விழுந்தது. அவர் கிட்டே வந்து முதலில் பந்து எங்கே என்று பார்த்தார். (இது கற்பனை இல்லை. கற்பனையென்றால் இவ்வளவு மட்டமாக எழுத எனக்குக் கை வராது.)

நான்காம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பி ஒரு தாளை நீட்டியிருக்கிறார். "கொடியை நட்டுவிட்டுக் கை காட்டினேன். பிறகு கவனக்குறைவால் மறுபடி குனிந்தேன். தவறு என்னுடையது." கையெழுத்துப் போட்டால் கட்டுப் பிரித்ததும் வேலைக்கு வரலாம். இல்லாவிட்டால் வர வேண்டாம். இரண்டு நாள் அவகாசம்.

"இடது கையால கிறுக்கினாலும் போதும்மா" என்றாராம், பெரிய மனசு பண்ணி.

4

அன்று சாயங்காலம் என் தொடக்கத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், முதல் வரியிலேயே நிறுத்தினாள்.

"கொடி எங்கடா படபடத்துச்சு?"

"ஒரு அழகுக்குக்கா. காத்து, கொடி..."

"கொடி கீழே கிடந்துச்சு."

"கதைல அதெல்லாம் யாரு பாக்கப்போறா?"

"யாரு பாப்பாங்களா? கொடி நின்னா வேலை முடிஞ்சுச்சுன்னு அர்த்தம். வேலை முடிஞ்சா நான் கை காட்டிட்டேன்னு அர்த்தம். அந்தத் தாள்லயும் இதையேதான் எழுதியிருக்கான். அவனாவது சம்பளம் வாங்கிட்டு எழுதுறான். உனக்கு என்னடா கேடு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வரி அழகாக அமைய வேண்டுமென்று சொந்த அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

"புல்லுல ரெண்டு குழி இருந்துச்சு" என்றாள், கொஞ்சம் தணிந்து. "ஒண்ணு பாதி மூடினது, ஒண்ணு புதுசு. ரெண்டு குழியை வச்சுக்கிட்டு எவளாவது கை காட்டுவாளா? நேத்து வேலைக்குச் சேந்தவ கூடக் காட்டமாட்டா."

5

சரி. மறுபடி எழுதுகிறேன்.

"புல்லில் இரண்டு குழிகள் இருந்தன. கொடி கீழே கிடந்தது."

கவித்துவம் இல்லை என்று தோன்றுகிறதா? தோன்றட்டும்.

மறுநாள் நானும் கூடப் போனேன். மேனேஜர் பேனாவை மூடி கழற்றியே கொடுத்தார். அக்கா தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில், இடது கையால், ஒன்றாம் வகுப்பு எழுத்தில் அந்த இரண்டு வரிகளையும் எழுதினாள். பத்து நிமிடம் ஆனது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நான் கேட்டது இது இல்லையே" என்றார் மேனேஜர்.

"நடந்தது இதுதான் சார்."

"வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அவர் தாளை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்.

6

இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை. எனக்கோ கதை முடிய வேண்டும். மூன்று முடிவுகள் எழுதினேன்.

தொப்பிக்காரர் பழங்களோடு வீட்டுக்கு வந்து மன்னிப்பு (அக்கா சிரித்த சிரிப்பில் இதை அடித்துவிட்டேன்.)

அக்காவுக்கு வேறு நல்ல வேலை கிடைத்து ("எனக்கு எதுக்குடா வேற வேலை? நான் என்ன தப்பு பண்ணேன்?")

மறுநாள் காலை மைதானம் முழுக்க வேலைக்காரர்கள் குனிந்தபடியே இருக்க, ஒருவரும் கை காட்டவில்லை. இதை மட்டும் அக்கா இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். "நல்லா இருக்கு. ஆனா நடக்கல. நடந்தா எழுது."

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. உங்களிடமும் தருவதாக இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், நாமே ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று உங்களுக்குக் கை துறுதுறுக்கும். தெரியும். அலுப்பாகவும் இருக்கும்.

ஆனால் நன்றாகப் பாருங்கள். புல்லில் இரண்டு குழிகள் இருக்கின்றன. கொடி கீழே கிடக்கிறது. அவள் குனிந்திருக்கிறாள்.

அவள் இன்னும் கை காட்டவில்லை. நில்லுங்கள்.