பூஜையில் வைத்த தெர்மாமீட்டர்

மனுஷன் வெளிநாடு போவதென்றால் விசா கேட்கிறார்கள், அது நியாயம். மரப்பலகைக்கும் கேட்பார்கள் என்று கருணாகரன் கனவிலும் நினைத்ததில்லை. ஆஸ்திரேலியாக்காரனுக்கு நம்மூர் வண்டு, புழு என்றால் அப்படி ஒரு பயம். சரக்குப் பெட்டிகளை அடுக்கி அனுப்பும் மரச்சட்டத்துக்கு பேலட் என்று பெயர். அதைச் சூடேற்றி, உள்ளே இருக்கும் பூச்சியைக் கொன்று, முத்திரை குத்தி அனுப்பினால்தான் துறைமுகத்துக்குள் விடுவான். அந்தப் பயத்தில்தான் கருணாகரன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கொட்டிவாக்கத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி அவனுக்கு ஒரு ஷெட். அதற்குள் செங்கல்லில் கட்டிய அறை, இரும்புக் கதவு, பக்கத்தில் விறகு போட ஒரு வாய். சூளை என்பார்கள். அவனுக்கு என்று சொன்னது தப்பு, அவனுக்கும் வலியுல்லா பாய்க்கும். மயிலாப்பூரில் ஒரு மரவாடியில் சேர்ந்து கூலி வேலை பார்த்தவர்கள், சேர்ந்தே வெளியே வந்து சேர்ந்தே செங்கல் அடுக்கினார்கள். பங்கு பாதிப் பாதி, எல்லாம் வாய்ப்பேச்சுதான். கருணாகரனுக்கு அம்மை போட்டுப் படுத்திருந்தபோது சூளையையும் பார்த்துக்கொண்டு, அவன் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர் பாய். அவர் இல்லாத ஷெட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

சூளைக்கு உயிர் அந்தத் தெர்மாமீட்டர். நீளமான கம்பி. கட்டையில் ஓட்டை போட்டு உள்ளே செருக வேண்டும். அறை கொதித்தால் போதாது, கட்டையின் நடு வயிறுவரை சூடு ஏறியிருக்க வேண்டும். புழு படுத்திருப்பது அங்கேதான்.

ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய், பொரி, வாழைக்கன்று எல்லாம் வழக்கம்போல பாய்தான் வாங்கி வந்தார். ரம்பம், உளி, சுத்தியல் எல்லாவற்றையும் பலகையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினான் கருணாகரன். தெர்மாமீட்டரும் அந்த வரிசையில் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுப்பது வழக்கம். ஆட்கள் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டார்கள். கருணாகரனும் மயிலாப்பூரில் மாமனார் வீட்டுக்குப் போய், வடை பாயசத்தோடு ஒரு பிடி பிடித்துவிட்டுக் கட்டையைச் சாய்த்தான்.

சாயங்காலத்துக்குள் பாயிடமிருந்து போன்.

"கருணா, அண்ணாச்சி பேசினாரு. கப்பல் முன்னாடியே கெளம்புதாம். நாளைக்குக் காலைல லாரி வந்துடும்ன்றாரு. பாதி பேலட் இன்னும் சூளைக்குள்ளயே போவல."

அண்ணாச்சி என்றால் கணேசமூர்த்தி. திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு சிட்னிக்கு எவர்சில்வர் ஏற்றுமதி செய்கிறவர். ஷெட்டுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை.

"நீங்களே மூட்டிடுங்க பாய்" என்றான் கருணாகரன்.

"எல்லாம் பூஜையில கீதே?"

"சூளைய மூட்டுனா சாமி ஒண்ணும் கோச்சுக்காது. அங்க வெச்சதெல்லாம் காலைல நான் வந்து எடுத்துக்கறேன்."

தெர்மாமீட்டர் அவன் ஞாபகத்துக்கே வரவில்லை. உண்ட மயக்கம்.

காலையில் போனபோது லாரி வாசலில் நின்றது. பூஜைப் பலகையில் தெர்மாமீட்டர் வைத்தது வைத்தபடி இருந்தது, குங்குமம்கூடக் கலையவில்லை.

"இன்னா பாய் இது, இத்த செருகவே இல்லியா?"

"ஒங்க சாமி முன்னாடி வெச்சத நான் எப்டிப்பா தொடறது? நீதானே காலைல வந்து எடுக்கறேன்னே. கதவுல கைய வெச்சுப் பாத்துதான் எறக்கினேன். ஆனா மழைல நனைஞ்ச கட்ட, எனக்கே மனசு ஒப்பல. இன்னொருக்கா உள்ள ஏத்திடலாம் கருணா."

கட்டிக்கொள்வதா, கத்துவதா என்று தெரியவில்லை அவனுக்கு. எடுத்துத் துடைத்துச் செருகியிருந்தால் எந்தச் சாமி கேட்கப்போகிறது? ஆனால் பாய் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வெளியே லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"நமக்காகக் கப்பல் நிக்குமா பாய்? லாரில ஏத்துங்க. பாத்துக்கலாம்."

பாய் முத்திரையைத் தொடவில்லை. சூடேற்றியாகிவிட்டது என்ற அந்த முத்திரையைக் கருணாகரனே எடுத்து, ஒவ்வொரு பேலட்டாகக் குத்தினான்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மழை நின்று, மார்கழிப் பனி தொடங்கி, ஒன்றும் ஆகவில்லை என்று லேசாக மூச்சு விட்டிருந்த நேரத்தில் அண்ணாச்சியின் கார் ஷெட்டுக்குள் நுழைந்தது.

"உசுரோட நெளியுதாம்வே புழு!" இறங்கும்போதே கத்தினார். "சிட்னிக்காரன் சரக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்புதான். கடல் தாண்டி என் மானம் போச்சு. யாருவே அன்னைக்குச் சூளை மூட்டுனது?"

"நான்தான் அண்ணாச்சி" என்றார் பாய்.

சொல்லிவிட்டுக் கருணாகரனைப் பார்த்தார். மீதியைச் சொல்ல வேண்டியவன் அவன். மறுபடி சூடேற்றலாம் என்று பாய் சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன், முத்திரை குத்தியதும் நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னால் அண்ணாச்சி அந்த நிமிஷமே காரைத் திருப்பிவிடுவார், சூளை அணைந்துவிடும். அப்புறம் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்தப் படுபாவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்த ஆளு இங்க இருந்தா எஞ்சரக்கு ஒண்ணுகூட இந்த வாசலுக்கு வராது" என்றார் அண்ணாச்சி. "என்ன சொல்லுதீரு?"

பாய் காத்திருந்தார். ஒரு வார்த்தைக்காக ஒரு மனிதர் அவ்வளவு நேரம் காத்திருப்பதைப் பார்க்கவே கூடாது. பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

கருணாகரன் பஸ் ஸ்டாப்பில்தான் அவரைப் பிடித்தான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"பாய், கொஞ்ச நாளைக்குத்தான். அண்ணாச்சி கோவம் தணியட்டும். நானே வந்து கூட்டிக்கினு போறேன். பங்கு வூட்டுக்கு வந்துடும், சத்தியமா."

"வேணாம் கருணா." அவர் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கருணாகரன் காலில் விழுந்தாவது சமாளித்திருப்பான். "புழு சாவலன்னா அது ரெண்டு பேர் தப்பு. ரெண்டு பேரும் நின்னு திட்டு வாங்கிட்டு, ஷெட்ட இழுத்து மூடிட்டு, மறுபடி எங்கனா மரவாடிக்குக் கூலிக்குப் போயிருப்போம். எனக்கு அது ஒண்ணும் பெருசில்ல. நான் பாத்துக்கினே நின்னேன், நீ வாயே தொறக்கல. இத்தினி வருஷமும் நான் ஒங்கிட்டயே கூலிக்குத்தான் இருந்துக்கினு இருந்தேன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மயிலாப்பூர் போகும் பஸ் வந்தது. கூட்டம் பிதுங்கியது. பாய் தூக்கை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படியில் ஏறி உள்ளே போனார்.

கருணாகரன் திரும்பி வந்தபோது ஷெட்டில் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபம் இறங்கியிருந்தது.

"போயிட்டாரா? சரி விடும். தை பொறந்ததும் அடுத்த சரக்கு அனுப்பணும். பேலட் ஆயிருமா?"

"ஆயிடும் அண்ணாச்சி" என்றான் கருணாகரன். இந்தத் தடவை வாய் உடனே திறந்தது.