இரண்டு கையும் மேலே

டொமினிகாவிலிருந்து லிமாவில் நடந்த மாற்றுத்திறனாளிகள் போட்டிக்குப் போன எங்கள் அணி, விமானத்தில் ஒரு வரிசை இருக்கையைக்கூட நிரப்பவில்லை. குண்டு எறிய என் தங்கை ஓர்னெலா. பயிற்சியாளர், மேலாளர், துணி துவைப்பவள் எல்லாம் நான்.

ஓர்னெலா பிறக்கும்போது பிடித்து இழுத்ததில் இடது தோள் நரம்பு அறுந்துவிட்டது. அந்தக் கையால் ஒரு கோப்பையைக்கூடத் தூக்க முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் குடும்பம் எங்களுடையது, அதில் நான்தான் கைதேர்ந்தவள். தேவாலயத்தில் துதிப்பாட்டு வந்தால் எல்லோரும் இரண்டு கையையும் உயர்த்துவார்கள். ஆறு வயதில் அவள் ஒரு கையை மட்டும் உயர்த்த, பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே அவளைக் கண்ணாடி முன் நிறுத்தினேன். இடுப்பை ஒரு வெட்டு வெட்டி உடம்பைச் சாய்த்தால் அந்தக் கை வீசிக்கொண்டு மேலே போய்விடும். ஒரே வாரத்தில் பாதிரியாரே ஏமாந்தார்.

போட்டிக்கு முன்பு உடலைச் சோதித்துத்தான் குறையின் அளவுக்கு எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். சோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். மேல்சட்டையைக் கழற்றச் சொன்னதுமே நான் முந்திக்கொண்டேன்.

"இவளுக்குக் குளிரு ஒத்துக்காதுங்க."

"சரி, அப்படியே ரெண்டு கையையும் தூக்குங்க."

ஓர்னெலா தேவாலயத்தில் தூக்குவதுபோலவே தூக்கினாள். அவர்கள் கையை எதிர்த்துத் தள்ளச் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். மூலையில் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரைமணி நேரத்தில் தாள் வந்தது. குறை போதாது, தகுதி இல்லை. சாயங்காலம் வேறு இருவர் மறுபடி பார்ப்பார்கள். அவர்களும் அதையே சொன்னால் எறியவே முடியாது, வீடு திரும்ப வேண்டியதுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஓர்னெலா தட்டைத் தொடவில்லை.

"நல்லாத்தானேக்கா தூக்கினேன்?"

"அதாண்டி வினை. ரொம்ப நல்லாத் தூக்கிட்ட."

"அப்ப என்ன, முடியாதவ மாதிரி நடிக்கச் சொல்றியா?"

"நடிக்காதேங்கறேன். இத்தன வருஷம் நடிச்சது போதும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாரு சொல்லிக் குடுத்த நடிப்பு?"

அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. ஊரில் எவள் எது சொன்னாலும் பத்தாகத் திருப்பிக் கொடுக்கும் வாய் எனக்கு. அன்று ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"நாந்தான்" என்றேன். "சர்ச்சுல அவளுங்க சிரிச்சது எனக்குத்தாண்டி வெக்கமா இருந்துச்சு. உனக்கு இல்ல."

அவள் என் தட்டிலிருந்த வறுத்த வாழைக்காயை எடுத்துத் தின்றாள்.

சாயங்காலம் நான் வாயைத் திறக்கவில்லை. அவளே மேல்சட்டையைக் கழற்றினாள். ஒரே வீட்டில் இருந்தும் அந்தத் தோளை நான் பார்த்துப் பல வருடமாகியிருந்தது. எலும்பின்மேல் தோல் மட்டும்தான் இருந்தது.

"உடம்ப ஆட்டாம கையத் தூக்குங்கம்மா" என்றார் சோதிக்க வந்தவர்களில் ஒருவர்.

அவள் இடுப்பு வெட்டப் பார்த்தது, நின்றது. நேராக உட்கார்ந்தபடி முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது. கை மடியிலேயே கிடந்தது.

"இவ்வளவுதாங்க" என்றாள்.

அவர் தலையசைத்து எழுதினார். பிரிவு கிடைத்தது.

மறுநாள் அவள் எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தாள். அது எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்த செய்தி. எறிவதற்கு முன் நடந்ததுதான் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பெயராக அறிவித்தார்கள். வீராங்கனைகள் ஒவ்வொருவராகக் கூட்டத்துக்குக் கையசைத்தார்கள். "ஓர்னெலா ப்ராஸ்பர், டொமினிகா" என்றதும் பழக்கதோஷத்தில் என் இரண்டு கையும் மேலே போயின.

அவள் கையில்லாத சட்டையோடு நேராக நின்று வலது கையை மட்டும் உயர்த்தினாள். இடது கை பக்கத்தில் அதுபாட்டுக்குத் தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

நான் ஒரு கையை இறக்கிக்கொண்டேன்.