தையல் பிடிக்காத சதை

அழகேசன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி இரண்டு நாள் சோடா குடித்தே சமாளித்தார். மூன்றாம் நாள் காலை தலை துவட்டக்கூட முடியாமல் மூச்சு வாங்கவும், மனைவி வளர்மதி அவரை ஆட்டோவில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா நெஞ்சில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பை வெகுநேரம் எடுக்கவில்லை. எடுத்ததும், "உடனே திருச்சிக்குப் போகணும்" என்றார்.

ஆம்புலன்ஸில் வளர்மதி அவர் நெஞ்சைத் தடவிக்கொடுத்தாள். உள்ளங்கையின் கீழே என்னவோ அதிர்ந்தது, மூடிய டப்பாவுக்குள் வண்டு சுற்றுவதுபோல. பயத்தில் கையை எடுக்கவும் தோன்றவில்லை. சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்கு வந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வண்டி ஊர்ந்தது. கோயில் பக்கம் பார்த்தாளே தவிர, கும்பிடக் கை எழவில்லை.

திருச்சியில் ஆபரேஷன் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"அட்டாக்ல செத்துப்போன சதை கிழிஞ்சிருக்கும்மா. இதயத்துக்குள்ள நடுச்சுவர்ல ஓட்டை. ஒட்டுப் போட்டு அடைக்கணும்."

"இன்னைக்கே போட்டுடுங்க சார்."

"இன்னைக்கு அந்தச் சதை ஊறுன காகிதம் மாதிரி. தையல் அறுத்துக்கிட்டு வந்துடும். ஒரு வாரம் போனா கெட்டியாகும். அதுவரைக்கும் அவர் தாங்கணும். தொடை ரத்தக்குழாய் வழியா பலூன் வச்சு இதயத்துக்குத் துணை குடுத்திருக்கோம்."

தினம் ஐந்து நிமிடம் அவளை ஐ.சி.யு.வுக்குள் விட்டார்கள்.

"எப்ப வூட்டுக்குப் போறது?" என்று கேட்டார் அழகேசன்.

"புதன்கிழமை" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு மூத்திரம் இறங்குவது நின்றது. டாக்டரே வெளியே வந்தார்.

"இனிமே காத்திருந்தா கிட்னி போயிடும். இப்பவே பண்றோம்."

"சதை கெட்டியாயிடுச்சுங்களா?"

"திறந்தாதாம்மா தெரியும்."

கையெழுத்துப் போட்டாள். ஏழு மணி நேரம் ஆபரேஷன் தியேட்டர் கதவு எப்போது திறந்தாலும் எழுந்து நின்றாள். வெளியே வருபவர் முகத்தைப் பார்க்கப் பயந்து செருப்பையே பார்த்தாள். கடைசியில் ஒரு ஜோடி பச்சைச் செருப்பு அவள் முன்னால் வந்து நின்றது.

"தையல் பிடிச்சிருக்கு. ஓரத்துல லேசாக் கசியுது, பார்த்துக்கலாம்."

நாலு வாரம் கழித்து அழகேசன் நடந்தே வெளியே வந்தார். லாரி கூடாதென்று சொல்லிவிட்டார்கள். இப்போதும் அவர் சற்றுப் பலமாக இருமினால், வளர்மதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறாள்.