மேஜைமேல் விட்டுப்போங்கள்

கறுப்பர் வரலாற்று மாதமான பிப்ரவரி பிறந்தாலே கிளை நூலகர் வெர்லீன் டட்சனுக்கு இடுப்பு விட்டுப்போகும். நூலக வாசலுக்கு நேராக நீள மேஜையை இழுத்துப் போட வேண்டும். வெள்ளைக்காரர் அல்லாதவர்கள் எழுதிய புத்தகங்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கி, முகம் தெரிய நிற்க வைக்க வேண்டும். கறுப்பர் எழுதியவை, மெக்ஸிக்கத் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் எழுதியவை, சோக்தா பழங்குடியினர் எழுதியவை, இதே மிஸிஸிப்பிக் கரையில் மளிகைக்கடை வைத்திருந்த சீனர் எழுதியது கூட ஒன்று உண்டு. "இவற்றையும் படித்துப் பாருங்கள்" என்று அட்டை எழுதிச் சாத்த வேண்டும். முப்பத்தொரு பிப்ரவரியாக இதே பிழைப்பு. மேயர் வருவார், மேஜை பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொள்வார். மார்ச் முதல் தேதி எல்லாம் மறுபடி அலமாரி ஏறிவிடும். அப்புறம் பதினோரு மாதம் அவற்றைக் கேட்க நாதியில்லை.

இந்த மார்ச்சில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. மூன்று வருஷமாக யாரும் தொடாத புத்தகங்களை எடுத்துக் கட்டி வையுங்கள், கழித்துப்போடச் சனிக்கிழமை வண்டி வரும் என்று எழுதியிருந்தது. மொத்தம் அறுபத்தொன்று. அறுபத்தொன்றும் அந்த மேஜையில் நின்ற புத்தகங்கள்.

வெர்லீன் உடனே போனை எடுத்தாள். தலைமை அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்க்கும் கிர்ஸ்டனைக் கூப்பிட்டாள். நல்ல பெண்தான், கணக்கு என்ன சொல்கிறதோ அதைச் சொல்லும்.

"தொடாமதான் அட்டையெல்லாம் இப்படிக் கிழிஞ்சு தொங்குதா? ஒருநாள் இங்க வந்து பாரும்மா" என்றாள் வெர்லீன்.

கிர்ஸ்டன் பொறுமையாகச் சொன்னாள். வீட்டுக்கு எடுத்துப்போனாலும் கணக்குத்தான், இங்கேயே படித்து மேஜையில் விட்டுப்போனதைச் சாயங்காலம் ஸ்கேன் செய்தாலும் கணக்குத்தான். மற்ற கிளைகளில் இந்த இரண்டாவது கணக்குத்தான் பெருசு, உங்கள் கிளையில் மட்டும் அது ஆண்டாண்டாகப் பூஜ்யம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பட்டியலை மறுபடி எடுக்கிறேன், அதற்குள் ஒருமுறை கணக்கில் ஏறியது எதுவோ அது பிழைத்தது என்றாள்.

வெர்லீன் போனை வைத்துவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அடியில் குப்புறக் கிடந்தது தலைமை அலுவலகம் எப்போதோ அனுப்பிய அறிவிப்பு: "படித்த புத்தகத்தை மேஜைமேலேயே விட்டுப்போங்கள்." அவள்தான் அதை மாட்டவில்லை. மேலதிகாரிகள் வந்து பார்த்து, கறுப்பர் கிளை என்றால் சந்தைக்கடைதான் என்று ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்ற வீம்பு. எடுத்த இடத்தில் வையுங்கள் என்று முதல் நாளிலிருந்தே எல்லோர் உயிரையும் வாங்கியிருந்தாள். வந்தவர்களும் அதே வளர்ப்பில் வளர்ந்தவர்கள். பேரப்பிள்ளைகள் கூச்சலுக்குத் தப்பி இங்கே வந்து உட்கார்ந்து படிப்பார்கள், எழுந்து போகும்போது ஒரு துரும்பு கூட இடம் மாறியிருக்காது. புத்தகங்களுக்குக் குழி வெட்டியது தன் கைதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அன்றே அறிவிப்பை மாட்டினாள். மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னாள். தேவாலயப் பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஆர்னெட்டா கெயின்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள்.

"புத்தகம் கோணலா இருந்தா என் பாட்டே கோணல்னு சொன்னவ நீ. இப்ப எறிஞ்சுட்டுப் போன்னா எப்படிடி?"

ஆனாலும் ஆர்னெட்டா செய்தாள். தன் பாட்டுக் குழுவையே கூட்டி வந்தாள். வெர்லீன் பக்கத்து முடிவெட்டும் கடையில் காத்திருந்தவர்களைப் பிடித்து இழுத்து வந்து கையில் புத்தகத்தைத் திணித்தாள். நாலு பக்கம் படிக்கச் சொன்னால் நாற்பது பக்கம் படித்தவனும் இருந்தான். வியாழன் மத்தியானம் முப்பத்தொன்பது புத்தகம் கணக்கில் ஏறிவிட்டது. அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன.

மீதி இருபத்திரண்டும் தலையணைத் தடிமன். அவற்றைத் தொடுகிற ஆள் ஊரிலேயே ஒருத்தர்தான். பருத்தி ஆலையில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்ற ஓடெல் பீப்பிள்ஸ். பத்து மணிக்கு வந்தால் நாலு மணி வரை படிப்பார், வீட்டுக்கு ஒன்று கூட எடுத்துப்போக மாட்டார். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் சரி சரி என்று தலையாட்டினார். மூன்று நாளும் புத்தகத்தைக் கொண்டுபோய் அதன் இடத்தில் செருகி, விரலால் தட்டி வரிசையும் பார்த்துவிட்டுப் போனார்.

இருபத்திரண்டையும் தானே ஸ்கேன் செய்துவிட்டால் பத்து நிமிஷ வேலை. அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. ஆனால் படித்துத்தான் அட்டை கிழிந்தது என்று கிர்ஸ்டனிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள், பொய்க்கணக்கு எழுத முடியுமா? வியாழன் நாலு மணிக்கு அவர் மறுபடி அலமாரிப் பக்கம் நடந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணே, உங்க சொத்தையா எழுதிக் கேட்டேன்? அங்கயே போட்டுட்டு எந்திரிச்சுப் போங்கன்னுதானே கேட்டேன். அதுக்குக்கூட மனசு வரலையா?"

ஓடெல் புத்தகத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். அறுபத்து நாலில், அதுவரை வெள்ளைக்காரருக்கு மட்டுமாக இருந்த இந்த நூலகத்துக்குள் கறுப்பர் பிள்ளைகளை முதன்முதல் விட்டார்கள். அவருக்கு ஒன்பது வயசு. கப்பல்களைப் பற்றி ஒரு புத்தகம். மூடுகிற மணி அடித்ததும் பயந்துபோய், அதை விரித்தபடியே மேஜையில் விட்டுவிட்டு ஓடிவிட்டார். மறுநாள் காலையில் வந்தால் கதவில் பூட்டு. பதினோரு மாதம் திறக்கவில்லை. எவனோ ஒருத்தன் உள்ளே அலங்கோலம் பண்ணிவிட்டான், அதனால்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

"நாந்தான் பூட்ட வெச்சேன், தங்கச்சி. என் பொண்டாட்டி சாகற வரைக்கும் அவகிட்டகூடச் சொல்லல."

 நகரசபையின் அந்த வருஷத்துத் தீர்மானம் பின்னறையில் வெர்லீனின் அலமாரியில்தான் இருக்கிறது. நம்மவர்கள் உட்காருவதைப் பார்ப்பதை விட மூடிவிடுவதே மேல் என்று ஒரு வாரம் முன்பே முடிவு செய்திருந்தார்கள். நீங்கள் தூசி துடைத்துவிட்டுப் போயிருந்தாலும் பூட்டியிருப்பார்கள் என்றாள்.

"அந்தத் தீர்மானத்த நீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன். புத்திக்குத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குது."

 போய்ட்டு வாங்க அண்ணே என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அழுதாள். புத்தகங்களுக்காகவா, அந்த ஒன்பது வயசுப் பையனுக்காகவா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஓடெல் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. இரண்டு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.  ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்து உட்கார்ந்தார். ஏற்கெனவே படித்ததுதான், வேண்டிய பக்கம் எங்கே என்று கைக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பக்கம் படித்தார். மேஜைமேல் வைத்தார். எழுந்தவர் திரும்பி வந்து அதைக் கையில் எடுத்தார், மறுபடி வைத்தார். அடுத்ததை எடுக்கப் போனார். வெர்லீன் தன் இடத்தை விட்டு அசையவில்லை, ஆர்னெட்டாவையும் அசைய விடவில்லை.

நாலே முக்காலுக்கு மூன்று மேஜையிலும் புத்தகம் கிடந்தது. பட்டியலில் இருந்த ஒன்று மட்டும் அலமாரியில் அகப்படவே இல்லை. எவனோ சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோயிருக்கிறான். படிக்கத்தான் கொண்டுபோயிருப்பான், நன்றாயிருக்கட்டும். மற்ற இருபத்தொன்றையும் அவள் ஸ்கேன் செய்து முடிக்கும்வரை ஓடெல் மேஜைகளுக்கு முதுகு காட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"அறுபது பொழைச்சிருச்சு அண்ணே" என்றாள்.

அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நாளைக்குத் தெறப்பீங்கல்ல?"

"தெறப்போம் அண்ணே. பத்து மணிக்கு."

தலையாட்டினார். வெளியே போய், கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நேரங்களை மேலிருந்து விரல் வைத்துத் தேடி, சனிக்கிழமை வரியை வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுப் படியிறங்கினார்.